மார்ச் மாதமும் பர்டியூவும்

“பர்டியூ தானே? மார்ச் வரட்டும், பார்க்கலாம்.” அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வெஸ்ட் லஃபாயெட்டில் இருக்கும் பர்டியூ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியைப் பற்றி யாரிடம் பேச்சைத் தொடங்கினாலும் இந்தப் பதில் வந்து நிற்கும். தோற்றால் வெளியேற வேண்டிய தேசியத் தொடர் தொடங்குவது மார்ச்சில்தான். ஜனவரியில் அணி நாட்டின் முதலிடத்தில் இருந்தாலும் சரி, பிப்ரவரியில் தான் ஆடும் பிக் டென் லீக்கில் எல்லோரையும் பின்தள்ளிக்கொண்டிருந்தாலும் சரி, பதில் மாறாது. ஆதாரம் கேட்டால் ஆண்டுவாரியாக அடுக்குவார்கள்: 2021இல் 13ஆம் தரநிலையில் இருந்த நார்த் டெக்சஸ், 2022இல் 15ஆம் தரநிலையில் இருந்த செயின்ட் பீட்டர்ஸ், 2023இல் 16ஆம் தரநிலையில் இருந்த ஃபேர்லி டிக்கின்சன். அடுத்தடுத்த மூன்று தேசியத் தொடர்களில் மூன்று தோல்விகள். தொடருக்கு முன் ஒவ்வோர் அணிக்கும் 1 முதல் 16 வரை தரநிலை தருவார்கள், 1 என்றால் மிக வலுவானது; அந்தத் தரநிலையில் ஒவ்வோர் எதிரணியும் முந்தையதைவிடக் கீழே. அந்தப் பட்டியலில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு, அதாவது பெரிய மேடையில் நிற்கும் நெஞ்சுரம் இந்த அணிக்குக் கிடையாது என்ற முடிவு, எனக்குப் பல ஆண்டுகளாகச் செரிக்கவில்லை. அதற்கு எதிராக எங்கள் பக்கத்து ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் “எல்லாம் அதிர்ஷ்டம்” என்ற பதிலும் அதே அளவுக்குச் செரிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதை எழுதிப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

நான் வெஸ்ட் லஃபாயெட்டுக்குப் பொறியியல் மேற்படிப்புக்காக வந்தவன். கிரிக்கெட்டைத் தவிர வேறெந்த ஆட்டத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்திராத என்னை, முதல் குளிர்காலத்தில் ஆய்வகத்தில் உடனிருந்த மதுரைக்கார அண்ணன் ஒருவர் மேக்கி அரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். 1967இல் திறக்கப்பட்ட வட்ட வடிவ அரங்கம் அது. 14,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். குவிமாடக் கூரை என்பதால் எழுகிற சத்தமெல்லாம் வெளியேற வழியின்றி ஆடுகளத்தின் மீதே திரும்பி விழும். எதிரணி வீரர் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டும்போது, ஓரத்தில் நின்ற அவருடைய பயிற்சியாளர் இரு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தியதைப் பார்த்தேன். அந்தக் குரல் பத்தடி தூரத்தில் இருந்த வீரரை எட்டவில்லை என்பது அவர் திரும்பி விழித்த விழிப்பிலேயே தெரிந்தது. அண்ணன் என் காதருகே குனிந்து, “இங்க யாராலயும் இவங்கள அசைக்க முடியாதுப்பா. வெளியூர் போனாத்தான் கவலை” என்றார். தேசியத் தொடரின் ஆட்டங்கள் அனைத்தும் வெளியூரில், எந்த அணிக்கும் சொந்தமில்லாத அரங்குகளில் நடப்பவை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கூரையில் இல்லாத கொடி

பர்டியூ ஏதோ நடுத்தரமான அணி என்றால் இந்த வருத்தத்துக்கே இடமில்லை. ஆடவர் பிரிவில் பிக் டென் லீக்கை 2024 வரை 26 முறை வென்றிருக்கிறது. அந்த லீக்கில் வேறெந்தக் கல்லூரியும் அத்தனை முறை வென்றதில்லை. ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தேசியத் தொடரில் ஆடவர் கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. 1932இல் ஜான் வுடன் ஆடிய பர்டியூ அணியை அந்த ஆண்டின் தேசிய வெற்றியாளர் என்று பிற்காலத்தில் அறிவித்தார்கள். ஆனால் என்சிஏஏ தொடரே 1939இல்தான் தொடங்கியது. அதே வுடன் பின்னாளில் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகப் பத்துத் தேசியக் கோப்பைகளை வென்றார். அவற்றுள் ஒன்று, 1969இல் லூயிவில் நகரில், தாம் படித்த பர்டியூவையே 92-72 என்று வீழ்த்தி வென்றது. பிற்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்த லூ அல்சிண்டர் அன்று 37 புள்ளிகள் எடுத்தார். பர்டியூவின் ரிக் மவுன்ட், அந்தக் காலத்தின் மிக அழகான வீச்சுக்குச் சொந்தக்காரர், எறிந்த 36 முறையில் 12 முறை மட்டுமே பந்து வளையத்துக்குள் விழுந்தது. பர்டியூ உருவாக்கிய மிகச் சிறந்த மனிதர் எதிர்ப் பக்கத்தில் அமர்ந்து பர்டியூவைத் தோற்கடித்தார் என்பதை இன்றுவரை மூத்த ரசிகர்கள் சற்றுத் தயக்கத்துடனேயே சொல்வார்கள்.

1980இல் மறுபடி அரையிறுதிக்கு வந்தார்கள். ஜோ பேரி கேரல் என்ற உயர்ந்த மைய வீரர் இருந்தார். ஆட்டம் இண்டியானாபொலிஸில், வீட்டு வாசலில் என்றே சொல்லலாம். மீண்டும் யுசிஎல்ஏ, மீண்டும் தோல்வி, 67-62. அதன்பின் அரையிறுதியைப் பார்க்க 44 ஆண்டுகள் ஆயின. இதே காலத்தில் மாநிலத்தின் தெற்கே புளூமிங்டனில் இருக்கும் இண்டியானா பல்கலைக்கழகம் 1981, 1987 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்று, ஒவ்வொரு கோப்பைக்கும் அரங்கக் கூரையில் தொங்கவிடும் தன் தேசியக் கொடிகளை ஐந்தாக்கிக்கொண்டது. நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களில் பர்டியூவே அதிகம் வென்றிருக்கிறது. லீக் பட்டங்களிலும் பர்டியூவே முன்னால். ஆனால் வாதம் எங்கே தொடங்கினாலும் அந்த ஐந்து கொடிகளில்தான் போய் முடியும். 1999இல் பர்டியூ மகளிர் அணி, கேரலின் பெக்கின் பயிற்சியில், டியூக்கை 62-45 என்று வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்ததை இந்த வாதங்களில் யாரும் எடுப்பதில்லை. “பர்டியூவுக்குக் கோப்பை இல்லை” என்று சொல்கிறவர்கள் அந்தப் பெண்களைத் தாண்டித்தான் அதைச் சொல்கிறார்கள் என்பது என்னை எப்போதும் உறுத்தும்.

ஜீன் கீடி 1980 முதல் 2005 வரை 25 பருவங்கள் பயிற்சியாளராக இருந்தார். லீக்கை ஆறு முறை வென்றார், அவற்றுள் 1994 முதல் 1996 வரை தொடர்ந்து மூன்று. தேசியத் தொடரில் அவரால் ஒருமுறைகூட அரையிறுதிக்குப் போக முடியவில்லை. 1988இல் முதல் தரநிலை அணியாக நுழைந்து கேன்சஸ் ஸ்டேட்டிடம் தோற்றார்கள். 1994இல் கிளென் ராபின்சன் இருந்தும், அரையிறுதிக்கு ஒரே ஒரு வெற்றி தேவைப்பட்ட இடத்தில் டியூக்கிடம் தோற்றார்கள். 1996இல் மறுபடி முதல் தரநிலை, இரண்டாம் சுற்றிலேயே ஜார்ஜியாவிடம் தோல்வி. 2000இல் மீண்டும் அதே வாசல், இம்முறை தங்கள் லீக்கைச் சேர்ந்த விஸ்கான்சினிடம், 64-60. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அணிகள், வெவ்வேறு வீரர்கள். ஆனாலும் ஒரே சட்டையை அணிந்திருந்ததால் எல்லாம் ஒரே கதையாகத் தைக்கப்பட்டுவிட்டது.

காயங்களும் ஒரு கடைசி வினாடியும்

கீடியிடம் ஆடிய மாட் பெயின்டர் 2005இல் அவருடைய இடத்துக்கு வந்தார். 2010 பிப்ரவரியில் அணி 24 வெற்றி, 3 தோல்வி என்று நாட்டின் மூன்றாமிடத்தில் இருந்தது. ராபி ஹம்மல், ஈட்வான் மூர், ஜஜுவான் ஜான்சன் என்று ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாக வளர்ந்த மூவர். மினசோட்டாவில் நடந்த ஆட்டத்தில் ஹம்மலின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த மார்ச்சில் டியூக்கிடம் தோற்றார்கள், டியூக் கோப்பையை வென்றது. அக்டோபரில் பயிற்சியின்போது அதே முழங்கால், அதே தசைநார் மறுபடி கிழிந்தது. 2018இல் முதல் சுற்றிலேயே மைய வீரர் ஐசக் ஹாஸின் முழங்கை எலும்பு முறிந்தது. இவற்றை அதிர்ஷ்டக் குறைவு என்று சொன்னால் மறுக்க ஆளில்லை.

ஆனால் 2019 மார்ச் 30 வேறு வகை. லூயிவிலில் வர்ஜீனியாவுடன் ஆட்டம், வென்றால் அரையிறுதி. கார்சன் எட்வர்ட்ஸ் அன்று 42 புள்ளிகள் எடுத்தார். பத்து முறை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து கூடையில் போட்டார். ஆட்டம் முடியச் சில வினாடிகள் இருக்கும்போது பர்டியூ மூன்று புள்ளி முன்னிலை. வர்ஜீனியாவின் டை ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் எறியும் ஒரு புள்ளி வீச்சு. முதலாவது விழுந்தது, இரண்டாவது தவறியது. துள்ளி வந்த பந்தை மமாடி டியாகிட்டே பின்பக்கம் தட்டிவிட, அது நடுக்கோட்டையும் தாண்டி ஓடியது. கிஹெய் கிளார்க் என்ற குள்ளமான முதலாண்டு வீரர் அதைத் துரத்திப் பிடித்து, தானே எறியாமல், முன்னால் நின்ற டியாகிட்டேக்கு நீளமாக வீசினார். டியாகிட்டேயின் கையிலிருந்து பந்து கிளம்பிய பிறகுதான் விளக்கு எரிந்தது. சமநிலை, கூடுதல் நேரம், 80-75 என்று தோல்வி. வர்ஜீனியா அந்த ஆண்டின் கோப்பையை வென்றது. இதில் பர்டியூ வீரர்கள் எங்கே நெஞ்சுரம் இழந்தார்கள் என்று யாராவது எனக்குக் காட்ட வேண்டும். தவறிய ஃப்ரீ த்ரோவின் பந்தைக் கையில் பிடிக்கவில்லை என்ற ஒரு குறை உண்டு, அதற்குமேல் ஒன்றுமில்லை.

கொலம்பஸில் ஒரு வெள்ளிக்கிழமை

2023 மார்ச் 17ஐ அப்படிச் சொல்லிக் கடந்துவிட முடியாது. என்னுடைய “அதிர்ஷ்டம்” என்ற வாதம் அன்றைக்குத்தான் உடைந்தது.

1985இல் தொடர் 64 அணிகளாக விரிந்த பிறகு, முதல் தரநிலை அணி 16ஆம் தரநிலை அணியிடம் தோற்றது அதுவரை ஒரே ஒரு முறைதான்: 2018இல் இதே வர்ஜீனியா, பால்டிமோரின் யுஎம்பிசியிடம். அந்த ஆட்டத்துக்கு முன்பு 135 முறை பெரிய அணியே வென்றிருந்தது. 2023இல் பர்டியூ லீக் பட்டம், லீக்கின் இறுதித் தொடர் இரண்டையும் வென்று 29-5 என்ற கணக்கில் வந்தது. அணியின் நடுவில் ஸாக் ஈடி, கனடாவின் டொராண்டோவில் பிறந்தவர், 7 அடி 4 அங்குலம். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் அவர்தான் என்பதில் யாருக்கும் ஐயமிருக்கவில்லை.

எதிரே வந்த ஃபேர்லி டிக்கின்சன் தன் சிறிய லீக்கின் இறுதித் தொடரைக்கூட வெல்லவில்லை. அதை வென்ற மெரிமேக், இரண்டாம் பிரிவிலிருந்து புதிதாக மேலேறிய கல்லூரி என்பதால் விதிப்படி தேசியத் தொடரில் ஆட முடியாது. அந்த இடம் இவர்களுக்கு வந்தது. முந்தைய பருவத்தில் 4 வெற்றி, 22 தோல்வி. புதிய பயிற்சியாளர் டோபின் ஆண்டர்சன் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர். அங்கே அவரிடம் ஆடிய டெமெட்ரே ராபர்ட்ஸையும் கிராண்ட் சிங்கிள்டனையும் கூடவே அழைத்து வந்திருந்தார். ராபர்ட்ஸ் 5 அடி 8 அங்குலம்தான். முதல் பிரிவில் அப்போது ஆடிய 363 அணிகளில் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அது. டேட்டனில் நடந்த தகுதி ஆட்டத்தை வென்று, ஒரு நாள் இடைவெளியில் கொலம்பஸுக்கு வந்தார்கள். டேட்டனில் வென்ற இரவே, பர்டியூவைப் பார்க்கப் பார்க்க அவர்களை வெல்ல முடியும் என்றே தோன்றுகிறது என்று ஆண்டர்சன் தம் வீரர்களிடம் சொன்னது கேமராவில் பதிவாகி ஊரெங்கும் பரவியது. அதைப் பார்த்து எங்கள் பக்கத்தில் பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அப்போதே சற்று வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அவர் வெறும் ஊக்க உரை ஆற்றவில்லை. ஏதோ ஒன்றைக் கண்டிருந்தார்.

அவர் கண்டது ஆட்டம் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஈடியின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நிறுத்தினார்கள். பந்து அவரை நோக்கி மேலே எழும்போதே மூன்றாமவரும் ஓடி வந்தார். அப்படிச் செய்தால் வெளியே இரண்டு பேராவது ஆளில்லாமல் நிற்பார்கள், நின்றார்கள், எறிந்தார்கள். 26 முறை மூன்று புள்ளிக்கு முயன்றதில் விழுந்தது 5. இன்னொரு பக்கம், பந்தைக் கொண்டுவரும் பிரேடன் ஸ்மித்தும் ஃபிளெட்சர் லோயரும் இருவருமே முதலாண்டு மாணவர்கள். அவர்களைக் களத்தின் முழு நீளத்துக்கும் துரத்தினார்கள். பர்டியூ 16 முறை பந்தைப் பறிகொடுத்தது. ஈடி 21 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் (தவறிய வீச்சில் துள்ளும் பந்தைப் பிடிப்பது) எடுத்தும் அவருக்கு வேண்டிய அளவு பந்து போய்ச் சேரவே இல்லை. அந்த உயரத்தை ஆட்டத்திலிருந்து அகற்ற இன்னோர் உயரம் தேவைப்படவில்லை. பந்து அங்கே போகும் வழியை அடைத்தால் போதும் என்று அந்தச் சிறிய அணி காட்டியது.

கடைசி இரண்டு நிமிடங்களை என் வீட்டில் நண்பர்கள் சிலரோடு பார்த்துக்கொண்டிருந்தேன். கொலம்பஸ் வட்டாரத்திலேயே வளர்ந்த ஷான் மூர் என்ற எதிரணி வீரர், ஏறக்குறைய ஒரு நிமிடம் மீதமிருக்க, மூன்று புள்ளியைப் போட்டு இடைவெளியை ஐந்தாக்கினார். அன்று அவர் மொத்தம் 19 எடுத்தார். அதன்பின் சமன்செய்ய லோயர் எறிந்தது தவறியது. 63-58. தொலைக்காட்சியில் ஈடி நேரே நடந்து உள்ளே போனார். நாங்கள் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், “போன வருஷமும் இதேதானே நடந்தது” என்றார். அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முந்தைய ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் செயின்ட் பீட்டர்ஸ் 67-64 என்று வென்றபோதும் இப்படிச் சிறிய, வேகமான காவல் வீரர்கள்தான் பர்டியூவின் பந்தாளர்களை நெருக்கினார்கள். 15 முறை பந்து பறிபோயிருந்தது. ஜேடன் ஐவி போன்ற மின்னல் வேக வீரர் இருந்தும் அது நடந்தது. அப்படியென்றால் இரண்டு ஆண்டுகளிலும் ஒரே ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் வந்திருக்கிறது. ஒரே ஓட்டையை அதிர்ஷ்டம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தொடர் எதை அளக்கிறது

ஆறு ஆட்டங்களை வரிசையாக வென்றால் கோப்பை. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 80 விழுக்காடு வாய்ப்புள்ள மிகச் சிறந்த அணியை எடுத்துக்கொண்டாலும், ஆறையும் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடுதான். 90 விழுக்காடு என்று வைத்தாலும் பாதிக்குச் சற்று மேல். ஆகவே நல்ல அணிகள் தோற்பதுதான் இந்தத் தொடரின் இயல்பு. ஆண்டுதோறும் உள்ளே நுழைகிற அணிக்குத் தோல்விப் பட்டியல் நீளும். நுழையவே முடியாத அணிக்குப் பட்டியலே இருக்காது. இந்தக் கணக்கு சரியானது, இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 16ஆம் தரநிலை அணியிடம் தோற்றதற்கு இந்தக் கணக்கை மட்டும் காட்டி ஒதுங்கிக்கொள்வது, பயிற்சியாளரும் வீரர்களும் செய்யவே முடியாத ஒன்று. ரசிகர்களான நாங்களும் செய்யக் கூடாது என்பதே என் கருத்து.

லீக் என்பது 20 ஆட்டங்கள். எதிரணிகள் உங்களை அறிந்தவை, நீங்களும் அவர்களை அறிந்தவர்கள். பிக் டென்னில் எல்லோரிடமும் உயரமான, கனமான மைய வீரர்கள் உண்டு; ஆட்டம் சற்று மெதுவாக, பலத்தோடு பலம் மோதுவதாக நடக்கும். அங்கே பர்டியூவைப் போல நேர்த்தியாக ஆடுகிறவர்கள் குறைவு. தேசியத் தொடரோ நீங்கள் பார்த்தே இராத ஓர் அணியை, வழக்கமாக இரண்டே நாள் தயாரிப்பில், நீங்கள் பழகாத வேகத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். லீக்கை வென்றதைப் பொருட்படுத்தாமல் மார்ச்சை மட்டும் வைத்து ஓர் அணியை எடைபோடுகிறவர்கள் மூன்று மாத உழைப்பை வீசியெறிகிறார்கள். லீக் பட்டத்தைக் காட்டி மார்ச்சை வெறும் சீட்டுக் குலுக்கல் என்கிறவர்கள், தங்கள் அணியிடம் உண்மையில் இருந்த குறையைப் பார்க்க மறுக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாம் வகையினர்மீதுதான் அதிக வருத்தம், ஏனென்றால் அவர்கள் என் நண்பர்கள்.

பெயின்டர் அப்படிப் பார்க்க மறுக்கவில்லை. அவர் ஈடியைச் சுற்றிக் கட்டிய அமைப்பைக் கலைக்கவில்லை. உயரமான மைய வீரரை நம்பும் முறையே பழையது, அதை விட்டுவிட வேண்டும் என்று ஊரே சொன்ன நேரத்தில் அவர் அதிலேயே நின்றார். ஆனால் பந்து அங்கே போகும் வழியை மாற்றினார். சதர்ன் இல்லினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் என்ற அனுபவமுள்ள, வேகமான காவல் வீரரைக் கொண்டுவந்தார். துரத்தினால் தப்பித்துப் பந்தைக் கொண்டுபோக மூன்றாவது ஆள் கிடைத்தார். ஸ்மித்தும் லோயரும் ஓர் ஆண்டு முதிர்ந்தார்கள். வெளியிலிருந்து எறிகிறவர்கள் அந்தப் பருவம் முழுவதும் மூன்று புள்ளி வீச்சில் 40 விழுக்காட்டை எட்டினார்கள். ஈடி தொழில்முறை லீக்கான என்பிஏவின் தேர்விலிருந்து பெயரை விலக்கிக்கொண்டு கல்லூரிக்கே திரும்பினார். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். எதிரணி ரசிகர்கள் ஒவ்வோர் அரங்கிலும் ஃபேர்லி டிக்கின்சன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள் என்று தெரிந்தே திரும்பியவர் அவர்.

டெட்ராய்ட், கிளெண்டேல்

2024இல் லீக்கில் 17-3. தேசியத் தொடரில் கிராம்ப்ளிங் ஸ்டேட், யூட்டா ஸ்டேட், கொன்ஸாகா மூன்றும் பெரிய சிக்கலின்றிக் கடந்தன. மார்ச் 31 அன்று டெட்ராய்ட்டில் டென்னசி. எதிரணியின் டால்டன் கெனெக்ட் 37 புள்ளிகள் எடுத்தார், பார்க்கவே பயமாக இருந்தது. ஈடி 40 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் எடுத்தார். முடிவை நெருங்கும் வேளையில் கெனெக்ட் வளையத்தை நோக்கிப் பாய்ந்தபோது ஈடி அந்த வீச்சைத் தட்டிவிட்டார். 72-66. 1980க்குப் பிறகு முதல் முறையாக அரையிறுதி. அரையிறுதிக்கு முன்னேறிய அணி வழக்கப்படி கூடை வலையைக் கத்தரிக்க ஏறும் ஏணியில் பெயின்டர் ஏறியபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் கீடிதான். 25 பருவங்களில் அந்த ஏணி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அரையிறுதியில் நார்த் கரோலினா ஸ்டேட்டை 63-50 என்று வென்றார்கள்.

ஏப்ரல் 8, அரிசோனாவின் கிளெண்டேலில் இறுதி ஆட்டம். யுகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணியின் பயிற்சியாளர் டான் ஹர்லி, ஃபேர்லி டிக்கின்சன் செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்தார். ஈடிக்குப் பெரும்பாலும் ஒரே ஒருவரை நிறுத்தினார். வெளியே நின்ற நால்வரை விட்டு யாரும் நகரவில்லை. ஈடி 37 புள்ளிகள் எடுத்தார். பர்டியூ முழு ஆட்டத்திலும் மூன்று புள்ளிக்கு எறிந்ததே ஏழு முறைதான், விழுந்தது ஒன்று. 75-60 என்று தோல்வி. நடுவை மூடி வெளியைத் திறந்துவிட்ட அணியிடம் ஓர் ஆண்டு, வெளியை மூடி நடுவைத் திறந்துவிட்ட அணியிடம் மறு ஆண்டு. இவ்விரண்டையும் ஒரே வார்த்தையில் “மார்ச் தோல்வி” என்று சேர்த்துக் கட்டுவது எவ்வளவு சோம்பலான பேச்சு என்பதை அன்று உணர்ந்தேன். முதலாவது, அடைத்திருக்க வேண்டிய ஓட்டை. இரண்டாவது, அந்த ஆண்டு நாட்டின் மிகச் சிறந்த அணி, தொடர்ந்து இரண்டாம் முறையாகக் கோப்பையை வென்ற அணி, தன்னிடம் போதிய உயரமும் பலமும் இருந்ததால் எடுக்க முடிந்த முடிவு. அந்தத் தோல்வியில் எனக்கு வருத்தம் உண்டு; குறை ஏதும் இல்லை.

வர்ஜீனியாவை மறுபடி சொல்ல வேண்டும். யுஎம்பிசியிடம் தோற்ற மறு ஆண்டே கோப்பையை வென்றதால், அவர்களுடைய பழைய கதை அழிந்துவிட்டது. அதன்பின் 2021இல் 13ஆம் தரநிலையில் இருந்த ஒஹாயோவிடம் முதல் சுற்றில் தோற்றார்கள். 2023 மார்ச் 16 அன்று, அதாவது பர்டியூ கொலம்பஸில் தோற்பதற்கு முந்தைய நாள், 13ஆம் தரநிலையில் இருந்த ஃபர்மனிடம் 68-67 என்று தோற்றார்கள். இறுதி வினாடிகளில் முன்னிலையில் இருந்த வர்ஜீனியாவின் வீரர் ஒருவர், மூலையில் இருவர் நெருக்க, பந்தை எதிரணியின் கைக்கே வீசிவிட்டார். ஃபர்மன் உடனே மூன்று புள்ளியைப் போட்டது. அந்த வீரர் கிஹெய் கிளார்க். 2019இல் லூயிவிலில் அதே போன்ற நெருக்கடியில் அத்தனை நிதானமாகப் பந்தை டியாகிட்டேயிடம் சேர்த்து, எங்கள் கனவை முடித்தாரே, அவரேதான். அவருடைய நெஞ்சுரம் நான்கு ஆண்டுகளில் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை, கேட்பதும் நியாயமில்லை. அதே நியாயத்தைப் பர்டியூவின் பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஈடி போன பிறகு, 2025இல் நான்காம் தரநிலை அணியாக வந்த பர்டியூ, இண்டியானாபொலிஸில் முதல் தரநிலை அணியான ஹூஸ்டனுடன் கடைசிவரை சமமாக நின்று 62-60 என்று தோற்றது. மறுநாள் அலுவலகத்தில் வழக்கமான அதே பேச்சு. நான் அந்த வாதத்துக்குப் போகவில்லை. என் கவனமெல்லாம் அந்தக் கடைசி ஆட்டத் துண்டில் இருந்தது: கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே வீசிய மிலோஸ் உஸான் களத்துக்குள் கால் வைத்ததும், பந்து அவரிடமே திரும்பி வந்தது. பர்டியூவின் காவல் முழுவதும் பந்தை வாங்கியவரை நோக்கிச் சாய்ந்திருந்ததால், வளையத்துக்கு நேர் கீழே அவரை மறிக்க ஆளில்லை. ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் மீதமிருந்தது. வீசுகிறவரை யார் பார்த்துக்கொள்வது என்பது பயிற்சியில் சொல்லித்தரக்கூடிய விஷயம். பெயின்டர் அந்தத் துண்டைப் பலமுறை ஓட்டிப் பார்த்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.